வளையத்துக்கு மேலா, கீழா? இரண்டு இமாம்பசந்த் கன்றுகளின் கவாத்து

2023 ஆடியில் ஒரு ராத்திரி முழுக்கக் காற்று. காலையில் பின்வாசல் கதவைத் திறந்தால், முந்தின வருஷம் நான் நுனி வெட்டிக் கவாத்து செய்த மாங்கன்றின் ஒரு கொப்பு தரையில் கிடந்தது. கொப்பு நடுவில் ஒடியவில்லை. கவையிலிருந்து அப்படியே உரிந்து, தண்டின் பட்டையையும் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. ஆறு மீட்டர் தள்ளி அதன் ஜோடிக் கன்று. அதில் நான் கத்தரி வைக்கவே இல்லை. உச்சியில் மட்டும் மூன்று சின்னக் கொப்புகளோடு, எட்டடி உயரக் கம்பாக, அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு நின்றது. அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்த இரண்டு கன்றுகளுக்கும் என்ன நடந்தது, எங்கே தவறு நேர்ந்தது, பிறகு எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். கவாத்தே கூடாது என்ற முடிவுக்கு அன்று காலையில் நான் ஏறத்தாழ வந்துவிட்டேன். அது தவறான முடிவு. ஆனால் கிடந்த கிளையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எங்கள் வீடு தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டை பக்கத்து மலையடிவாரத்தில். செம்மண், கொஞ்சம் சரளை. ஜூன் பிறந்தால் கணவாய் வழியாகச் சாரலும் காற்றும் சேர்ந்து வரும். அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. சாரல் மனிதனுக்குச் சுகம். புதிதாக வெட்டிய மரத்துக்கு அது சுகமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

கன்றுகள் இரண்டும் ஒரே நர்சரியில், ஒரே நாளில் வாங்கியவை. அக்டோபர் 2020. இளந்தண்டு ஒட்டு, ஒட்டிய இடம் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் சின்ன வீக்கமாகத் தெரிந்தது. மூன்றடிக்கு மூன்றடி குழி, மேல்மண், மட்கிய சாணம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. அதிலெல்லாம் குறையில்லை. குறை கன்றைத் தேர்ந்தெடுத்ததில். வரிசையில் எது உயரமோ அதைத்தான் கை காட்டினோம். சின்னப் பையில் வெகுநாள் கிடந்து, வேர் உள்ளேயே சுருண்டு, வெளிச்சத்துக்காக மேலே மேலே ஓடிய கன்றுகள் அவை. குட்டையாக, தண்டு தடித்து நின்றவற்றை யாரும் சீந்தவில்லை. நாங்களும்தான்.

மாங்கன்று வளர்வதைக் கவனித்திருப்பவர்களுக்குத் தெரியும், அது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும் செடி இல்லை. சும்மாவே நிற்கும். திடீரென்று நுனி வெடித்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்குத் துளிர் ஓடும். செப்பு நிறத்தில் துவண்டு தொங்கும் இலைகள் மெல்லப் பச்சையாகி, பிறகு கரும்பச்சையாக விறைக்கும். மறுபடி ஓய்வு, மறுபடி ஒரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டம் முடிகிற இடத்திலும் இலைகள் கொத்தாக நெருங்கி நிற்கும். அங்கே இடைக்கணு மிகக் குட்டை, ஒரு விரல் அகலத்துக்குள் ஏழெட்டு இலைக் காம்புகள்கூட இருக்கும். பின்னாளில் அந்த இலைகள் உதிர்ந்த பிறகும், தண்டில் நெருக்கமான தழும்புகளாக ஒரு வளையம் மிஞ்சும். தண்டைக் கீழிருந்து மேலே தடவினால் எத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறது என்று கையாலேயே எண்ணிவிடலாம். இந்த வளையம்தான் பிறகு எல்லாவற்றுக்கும் காரணமாக ஆனது.

ஜூன் 2022-ல் இரண்டு கன்றுகளும் ஐந்தரை அடியைத் தாண்டிவிட்டன. பக்கக் கொப்பு ஒன்றுகூடக் கிடையாது. மா பூப்பது நுனியில். முற்றிய கொப்பின் நுனி மொட்டுதான் பூங்கொத்தாக மாறும். நுனி எத்தனையோ, பூங்கொத்துக்கு இடமும் அத்தனைதான். ஒற்றைக் கம்புக்கு ஒற்றை நுனி. இமாம்பசந்த் வேறு தாராளமாக வளரும் ரகம், காய்ப்பில் கஞ்சம். இதே நீலம் ரக மாவாக இருந்தால் இந்தக் கவலை இவ்வளவு இருந்திருக்காது. அது அடக்கமான மரம், வருஷம் தவறாமல் காய்க்கும்.

நுனியை வெட்டலாம் என்று நான் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது.

"வளர்ற பிள்ள தலையில எவனாவது கத்தி வைப்பானாடே? தென்னங்குருத்த வெட்டுனா மரம் பொழைக்குமா?"

அவர் நாற்பது வருஷமாகத் தென்னையோடு வாழ்ந்தவர். தென்னைக்கும் பனைக்கும் உயிர் ஒரே ஒரு குருத்தில். அது போனால் மரம் போயிற்று. அந்த அனுபவத்தில் நின்று பேசுகிறவரிடம் அவர் பயம் மூடத்தனம் என்று சொல்ல முடியாது. அவர் மரத்துக்கு அது உண்மை. என் பதில் முருங்கை. பெரியகுளத்து பி.கே.எம். 1 முருங்கையை விதைத்து 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வார்கள், அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். எங்கள் வேலியோர முருங்கையை அம்மா அப்படித்தான் கிள்ளுவாள். "முருங்கைய யார் கேட்டா? அது ஒடிச்சு நட்டாலே முளைக்கும்" என்றார் அப்பா. கடைசியில் சமரசம்: ஒன்றில் நான் வெட்டுவது, மற்றதைத் தொடக்கூடாது. வீட்டுச் சண்டையில் பிறந்ததுதான் என்றாலும், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு அமைந்திருக்காது.

இனி முதல் வெட்டு. இளங்கன்றை 60 முதல் 75 செ.மீ. உயரத்தில் நுனி வெட்டச் சொல்வது வழக்கம். எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவு வளர்ந்ததைப் போய் அவ்வளவு கீழேயா என்று ஒரு மீட்டரில் நிறுத்தினேன். அங்கே ஒரு வளையம் இருந்தது. நிறைய மொட்டு தெரிகிறதே, நிறையக் கிளை வருமே என்று அந்த வளையத்துக்குச் சரியாக மேலே வெட்டினேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. வெட்டு வாயில் எதுவும் பூசவில்லை.

மூன்று வாரம். வளையத்தைச் சுற்றி மிளகு மிளகாகப் புடைத்து, எட்டுத் துளிர்கள் ஒன்றாகக் கிளம்பின. ஒரு விரல் அகலத்துக்குள் எட்டு! அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் பின்புறம் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பாவே குனிந்து எண்ணிப் பார்த்தார். வெட்டு வாயிலிருந்து இரண்டு விரற்கடை கருத்துக் காய்ந்து இறங்கியது, ஆனால் வளையத்தில் நின்றுவிட்டது. எட்டில் ஒன்றையும் நான் கிள்ளவில்லை. கேட்டால் எல்லாமே நான் சம்பாதித்த கிளைகள், எதை எடுப்பது?

2023 தையில் அவை ஒவ்வொன்றும் இரண்டடி. எல்லாமே நேர்மேலே. இடமில்லாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, தென்னமாற்றைக் குத்தி நிறுத்தினது மாதிரி. அதே வருஷம் மாசியில், வெட்டாமல் விட்ட அப்பாவின் கன்று உச்சியில் ஒரு பூங்கொத்து விட்டது. இரண்டு பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்து உதிர்ந்தன. ஆனால் நுனி மொட்டு பூவாகிச் செலவழிந்துவிட்டதால், அதற்குக் கீழே தானாகவே மூன்று கொப்பு வெடித்தது. யாரும் வெட்டாமலே மரம் கிளைத்துவிட்டது. ஒரே சங்கடம், அது நடந்தது என் தலைக்கு இரண்டடி மேலே. மரத்தை அதன் போக்கில் விட்டால் கிளைக்காது என்பதில்லை, தனக்கு வசதியான உயரத்தில் கிளைக்கும். பறிக்கப் போகிற நமக்குத் தொரட்டி வேண்டும்.

பிறகுதான் அந்த ஆடி ராத்திரி.

பக்கத்துத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மாமரத்தில் ஏறியே காலம் கழித்தவர். காலை பத்து மணிக்கு வந்து, விழுந்த கொப்பைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"தம்பி, கத்திரி வச்சது தப்பில்ல. வச்ச இடந்தான் தப்பு. இங்க பாருங்க, இது எங்க ஒட்டியிருக்கு?"

ஒட்டியிருக்கவில்லை. கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் மேற்பாதி முழுக்கக் கரும்பட்டை. இரண்டு கிளைகள் குறுகிய கோணத்தில் நெருங்கித் தடிக்கும்போது, நடுவில் மாட்டிய பட்டை வெளியே தள்ளப்படாமல் உள்ளேயே மடிந்துபோகிறது. மரம் மரத்தோடு சேர வேண்டிய இடத்தில் பட்டையும் பட்டையும் முட்டிக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தடித்த, பலமான கவை. உள்ளே பாதிதான் பிடிப்பு. எட்டுக் கிளையும் ஒரே வளையத்திலிருந்து வந்தால் ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் இந்தக் கதைதான். சாரலில் இலை நனைந்து கனத்து, காற்று ஒரு பக்கமாகத் தள்ளியபோது எது முதலில் உரியும் என்பது மட்டும்தான் மிச்சமிருந்த கேள்வி.

அண்ணாச்சி கட்டைவிரலை வளையத்தின்மேல் வைத்தார். "இந்த முடிச்சுக்கு மேல வெட்டுனா சந்தைக்கடை மாதிரி எல்லாம் ஒரே இடத்துல கூடும். முடிச்சுக்குக் கீழ வெட்டுங்க, ஆளுக்கொரு வாசல்ல வரும்."

இதற்குப் பின்னால் இருக்கும் செடியியல் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன். நுனி மொட்டு உயிரோடு இருக்கும்வரை கீழ் மொட்டுகள் தூங்கும். இதை நுனி ஆதிக்கம் என்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் கென்னத் திமன், ஃபோல்க் ஸ்கூக் என்ற இருவர் கலிபோர்னியாவில் ஒரு மொச்சை வகைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஊறிய அகர் (ஜெல்லி மாதிரி) கட்டியை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் விழிக்கவில்லை. நுனியிலிருந்து கீழே இறங்கும் ஆக்சின்தான் மற்ற மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பது அப்போது தெளிவானது. ஆனால் ஆக்சின் நேரே மொட்டுக்குள் போய் அடக்குவதில்லை. சைட்டோகைனின் என்ற வேறொரு ஹார்மோன் மொட்டை எழுப்பும், ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொன்று அமர்த்தும். பின்னதற்கு இந்த வேலை உண்டு என்பது 2008-ல்தான் உறுதியானது. 2014-ல் பட்டாணிச் செடியில் செய்த ஆய்வு இன்னொரு சுவாரசியத்தைச் சொன்னது: நுனியை வெட்டியதும், ஆக்சின் குறைந்த செய்தி கீழே வந்து சேரும் முன்பே, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை பக்க மொட்டுகளுக்குப் பாய்ந்து அவற்றை எழுப்பிவிடுகிறது. பெரிய வாயை மூடினால் சின்ன வாய்களுக்குச் சோறு.

இதை எங்கள் கன்றில் பொருத்திப் பாருங்கள். வளையத்துக்கு மேலே வெட்டினால், வெட்டுக்கு மிக அருகில் இருப்பவை வளையத்தின் மொட்டுகள். ஏழெட்டும் ஒரே உயரம், ஒரே வயது. யாரும் யாரையும் முந்தாமல் எல்லாம் சேர்ந்து எழும். வளையத்துக்குக் கீழே, இடைக்கணு நீண்ட பகுதியில் வெட்டினால் மொட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கும். மேலே இருப்பது முதலில் எழும், எழுந்ததும் தனக்குக் கீழே உள்ளதைக் கொஞ்சம் அடக்கும். எண்ணிக்கை குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தண்டில் தனக்கென்று இடம் உண்டு, கோணமும் விரியும். வெட்டுகிற நேரத்தைப் பற்றியும் இதே கணக்கு சொல்லும்: துளிர் செப்பு நிறத்தில் தொங்கும்போது மரம் சேமிப்பையெல்லாம் அதில் போட்டுவிட்டுக் கையை விரித்து நிற்கிறது. அப்போது வெட்டினால் அத்தனையும் நஷ்டம். இலை கரும்பச்சையாகி விறைக்கும்வரை பொறுத்தால் கஜானா நிரம்பியிருக்கும்.

செப்டம்பர் 2023. சாரல் ஓய்ந்து, வடகிழக்கு மழை வருவதற்கு இன்னும் ஒரு மாதம். வானம் நான்கு நாளாகக் காய்ந்திருந்தது. இரண்டு நாள் முன்னதாகவே தண்ணீர் பாய்ச்சி வைத்தேன். இந்த முறை இரண்டு கன்றுகளையும் வெட்டுவதென்று முடிவு. அப்பா சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். தென்காசிக்கு ஒரு வேலையாகப் போனார், நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரிந்தே போனார்.

எட்டடிக் கம்பை 70 செ.மீ. உயரத்தில், ஒரு வளையத்துக்கு மூன்று விரல் கீழே, கைரம்பத்தால் அறுத்தேன். கத்தரி அந்தத் தடிப்புக்குப் போதாது. பாதி அறுத்து ஒடித்தால் பட்டை கிழியும் என்பதால், முதலில் மேலே ஒரு வெட்டில் பாரத்தைக் குறைத்துவிட்டு, பிறகு சரியான இடத்தில் இரண்டாவது வெட்டு. தண்ணீர் வழிந்தோட லேசான சரிவு. மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், சிலருக்கு அதிகமாகவே. முழுக்கைச் சட்டை போட்டிருந்தும் மணிக்கட்டில் எனக்கு ஒரு வாரம் தழும்பு.

வெட்டு வாய்க்குப் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. இரண்டு கன்றுக்கு அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம், 50 கிராம் தாராளம். தண்ணீரை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பிறகுதான் சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சேர்த்ததில் ஒரு கத்தி முனையை நனைத்துப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. இந்தக் கலவைக்குப் பெயர் தந்தது பிரான்சின் போர்டோ பகுதி. சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க அங்கே துத்தமும் சுண்ணாம்பும் தெளிப்பார்களாம். அப்படித் தெளித்த கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கவனித்து, 1885-ல் மில்லார்டே என்ற தாவரவியலாளர் அதை மருந்தாக்கினார். மாம்பழத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விரட்ட அம்மா வேறு வழி வைத்திருக்கிறாள், அது இங்கே வேண்டாம்.

தண்டில் இலையே மிச்சமில்லை என்பதால் முழுவதும் சுண்ணாம்பு அடித்தேன். நிழல் போய்த் திடீரென்று வெயில் பட்டால் பட்டை வெந்து வெடிக்கும்.

உரிந்த கன்றில் வேலை இன்னும் கடினம். பட்டை கிழிந்த காயம் முடிகிற இடத்துக்கும் கீழே போக வேண்டியிருந்தது. 55 செ.மீ. உயரத்தில் வெட்டினேன். ஏழு கிளைகள் இன்னும் நன்றாகத்தான் நின்றன, அவற்றையும் சேர்த்து அறுத்துப் போடுவதற்குக் கை வரவில்லை. அண்ணாச்சி நான்கை எடுத்துவிட்டு மூன்றை வைத்துப் பார்க்கலாம் என்றார். மூன்றும் அதே வளையத்திலிருந்து வந்தவை, அதே உள்பட்டை. இரண்டு வருஷம் கழித்துக் காயோடு உரிவதற்குப் பதில் இப்போதே இழக்கலாம் என்று அறுத்துவிட்டேன். இந்த இடத்தில் என் முடிவு சரிதானா என்று வாதிடுபவர்கள் உண்டு. ஈரக்காற்று வீசாத ஊரில் அண்ணாச்சி சொன்னது போதுமாக இருந்திருக்கலாம்.

சாயங்காலம் திரும்பிய அப்பா, வெள்ளையடித்த இரண்டு முளைக்குச்சிகளைப் பார்த்தார். "மாடு கட்டலாம்" என்றார்.

முற்றிய தண்டில் மொட்டு விழிக்க நேரம் அதிகம் எடுக்கும். முதல் தடவை மூன்று வாரத்தில் வந்தது, இந்தத் தடவை ஐந்து வாரம் ஆகியும் ஒன்றையும் காணோம். தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பேன். நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பேன். ஐப்பசி மழை முதல் தூறல் போட்ட வாரத்தில் அப்பாவின் கன்றில் ஒரு செம்புள்ளி. பிறகு ஐந்து. தண்டின் மேல் 25 செ.மீ.க்குள் ஐந்தும் சிதறி இருந்தன. விரல் நீளம் வந்ததும் இரண்டைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தேன். இந்தப் பருவத்தில் எடுத்தால் கத்தியே தேவையில்லை, காயமும் கிடையாது. மிச்சம் மூன்று: உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று, அதற்கு ஒரு சாண் கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் வேறு பக்கம் பார்த்து ஒன்று. மேலிருந்து பார்த்தால் அடுப்புக்கு மூன்று கல் வைத்த மாதிரி.

உரிந்த கன்றிலும் துளிர் வந்தது. அதில் மிகத் தடித்து, மிக வேகமாக ஓடியது அடியிலிருந்து வந்த ஒன்று. அப்பாவுக்கு அதன்மேல் ஒரே பிரியம். "இது ஒண்ணு போதும்டே, மரமாயிரும்." ஆகியிருக்கும், ஆனால் இமாம்பசந்தாக ஆகியிருக்காது. குனிந்து பார்த்தால் அது ஒட்டு வீக்கத்துக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து கிளம்பியிருந்தது. கொட்டை போட்டு முளைத்த ஏதோ ஒரு நாட்டு மா. இலை இன்னும் ஒடுக்கம், கசக்கி முகர்ந்தால் வாசமும் வேறு. விட்டு வைத்தால் வேரின் பலத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு மேல் ஒட்டைப் பட்டினி போட்டுவிடும். கன்று கடுமையாக வெட்டுப்பட்ட பிறகு இப்படி வருவது சகஜம், ஆகவே வெட்டிய பின் அடித்தண்டைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. அதைப் பிய்த்தெடுத்தேன். மேலே ஒட்டுப் பகுதியில் உருப்படியாக வந்தவை இரண்டே கிளைகள், ஒன்று கிழக்கே, ஒன்று தெற்கே. மேற்குப் பக்கம் மொட்டை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, அப்பாவின் கன்றின் கீழே இளந்துளிர்கள் இறைந்து கிடந்தன. காம்போரம் கொஞ்சம் மட்டும் கொப்பில் மிச்சம், மீதி இலை கத்தரியால் வெட்டினது மாதிரி நேர்க்கோட்டில் அறுந்திருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. அது இலை வெட்டும் கூன்வண்டு. தாய் வண்டு இளம் இலையில் முட்டையிட்டு, பிறகு அந்த இலையை அறுத்துக் கீழே தள்ளிவிடும். விழுந்த இலைக்குள்ளேயே புழு தின்று வளர்ந்து, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். மரத்தின்மேல் மருந்தடிப்பதற்கு முன்னால், தரையில் கிடப்பதை அன்றன்றே பொறுக்கி எரித்துவிட வேண்டும். குப்பைதானே என்று விட்டால் அடுத்த துளிருக்கு அதுவே விதை. பெரிய மரத்துக்கு இந்த வண்டு ஒரு பொருட்டில்லை. மூன்றே மூன்று கொழுந்தை நம்பி நிற்கும் கன்றுக்கு ஒரு வாரக் கவனக்குறைவு ஒரு பருவத்தைத் தின்றுவிடும். பத்து நாள் காலையும் மாலையும் பொறுக்கினோம். அந்த வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார்.

மேற்குப் பக்க மொட்டைக்கு வழி அடுத்த வருஷம் கிடைத்தது. தெற்குக் கிளை நேர்மேலே ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் அதைக் கட்டி, ஒரு செங்கலைத் தொங்கவிட்டுத் தென்மேற்காகச் சாய்த்தேன். கயிறோ கம்பியோ என்றால் பட்டையை அறுத்துவிடும். கிளை படுத்ததும் அதன் நுனியின் அதிகாரம் தளர்ந்து, வளைவின் முதுகில் இருந்த மொட்டுகள் விழித்தன. வெட்டாமலே கிளைக்க வைக்கும் வழி இது. வந்த மூன்றில் வடமேற்கே பார்த்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அப்பாவின் கன்று இதற்குள் வேறு மரமாக ஆகியிருந்தது. மூன்று கிளையும் இரண்டிரண்டு ஓட்டம் ஓடி, 2024 செப்டம்பரில் இலை விறைத்து நின்றன. ஒவ்வொன்றையும் இரண்டாவது வளையத்துக்குக் கீழே வெட்டினேன், இந்த முறை கத்தரியே போதுமாக இருந்தது. மூன்று நுனி எட்டு நுனியானது. மூன்றுக்கு ஒன்பது என்று கணக்குப் போட்டிருந்தேன், ஒரு கிளை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. 2025 மாசியில் நான்கு நுனியில் பூ. நட்டு நான்கு வருஷம் ஆகிவிட்டதே, காய்க்க விடலாமே என்று அம்மா கேட்டாள். நட்ட கணக்குக்கு நாலு வயது, ஆனால் இப்போதுள்ள கிளைகளுக்கு வயது ஒன்றரைகூட இல்லை. நான்கையும் கிள்ளினேன். அப்பா ஒன்றைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாமரங்களை அந்தக் காலத்தில் பத்து மீட்டருக்கு ஒன்று, ஏக்கருக்கு நாற்பது என்று நட்டார்கள். அந்த இடைவெளியில் மரம் என்ன உயரம் போனாலும் கேட்பாரில்லை. இப்போது அடர் நடவில் மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஏக்கருக்கு 674 கன்று என்கிறார்கள். அந்த நடவு முழுக்க முழுக்க இந்த முதல் இரண்டு மூன்று வெட்டுகளின்மேல்தான் நிற்கிறது. இடைவெளியை மட்டும் பார்த்துக் கன்று வாங்கி, வெட்டை விட்டுவிட்ட தோப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போனால் மதியத்திலும் இருட்டு, காய் எல்லாம் உச்சியில்.

எங்களுடையது இரண்டே மரம். 2025 கடைசியில் எண்ணியபோது அப்பாவின் மரத்தில் பத்தொன்பது நுனி, உயரம் ஆறடி. உரிந்த மரத்தில் பதினொன்று, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் கத்தரி வைத்த மரம் பின்தங்கியும், கத்தரியே வேண்டாம் என்று விட்ட மரம் முந்தியும் நிற்பதைப் பார்க்கிறவர்கள் இதை அப்பா ஜெயித்த கதையாகத்தான் சொல்கிறார்கள். அவரும் மறுப்பதில்லை. 2023 ஆடியில் அந்த மரம் எட்டடிக் கம்பாக நின்றதை இருவருமே இப்போது பேசுவதில்லை.

உரிந்த மரத்தின் வடமேற்குக் கிளை இன்னும் மெலிசுதான். வரும் செப்டம்பரில் கிழக்குக் கிளையையும் தெற்குக் கிளையையும் மட்டும் குறைத்து வெட்டி, இதைத் தொடாமல் விடுவதாக இருக்கிறேன். இலை அதிகம் வைத்திருக்கிற கிளைதான் தடிக்கும், மற்ற இரண்டையும் அது எட்டிப் பிடிக்க ஒரு வருஷம் போதும் என்பது என் கணக்கு. இரண்டு வருஷம் ஆகும் என்கிறார் அண்ணாச்சி.